சர்க்கரைத் தண்ணீர் குடித்த பின் இரண்டு மணி நேரம்

வயிற்றுப் பிள்ளைக்காரி அழக்கூடாது என்பது ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விதி. இழவு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், சண்டை நடக்கிற இடத்தில் நிற்க விட மாட்டார்கள், "நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா பிள்ளையும் அழுமூஞ்சியாத்தான் பொறக்கும்" என்று அதட்டவும் செய்வார்கள். இந்த நம்பிக்கைக்குத் துணையாக நமக்குப் பழக்கமான இரண்டு கதைகள் உண்டு. ஒன்று அபிமன்யுவுடையது. வயிற்றுக்குள் இருந்தபடியே சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்டுக்கொண்டான். வெளியேறும் வழியைச் சொல்வதற்குள் சுபத்திரை தூங்கிவிட்டாள். மகன் களத்தில் மாண்டான். மற்றது பிரகலாதனுடையது. கருவுற்றிருந்த கயாதுவை இந்திரன் இழுத்துப் போகையில் நாரதர் மறித்து, தம் ஆசிரமத்தில் வைத்துக் காப்பாற்றினார். அங்கே அவள் கேட்டதைப் பிள்ளையும் கேட்டது. கருவிலேயே கற்பதற்கு உதாரணமாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் முதல் கதையில் பழி தாயின் கண்ணயர்வின் மேல் விழுகிறது. இரண்டாவதில் தாய்க்கு முதலில் பத்திரமான ஓர் இடம் கிடைக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான் நடக்கிறது.

இப்போது அதே நம்பிக்கை எபிஜெனிடிக்ஸ் என்ற விஞ்ஞானப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. கர்ப்ப காலத்தில் தாய் மனச்சோர்வில் இருந்தால் அது குழந்தையின் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும், பிள்ளை வளர்ந்தபின் பதற்றமும் சோர்வுமாக வெளிப்படும் என்று காணொளிகள் சொல்கின்றன. இதில் உண்மை இருக்கிறது. பரப்பப்படும் அளவுக்கு இல்லை. கிடைத்திருக்கும் சான்றுகளை நிதானமாகப் படித்தால் அவை சுபத்திரையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு உதவவில்லை, கயாதுவுக்கு இடம் தேடச் சொல்கின்றன என்பதுதான் என் வாதம். மனச்சோர்வு என்று இங்கே சொல்வது ஒரு நாள் அழுகையை அல்ல. இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் நாட்டமின்மை, தூக்கம் கெடுதல், தன்னைத் தானே நொந்துகொள்ளுதல், அன்றாட வேலையே மலையாகத் தெரிதல் என்று நீளும் நோயை. அதிர்ச்சியான செய்தி கேட்டு ஒரு ராத்திரி அழுதவர் இந்தக் கட்டுரையைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைச் சுற்றியுள்ள ஏவன் பகுதியில் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் கருவுற்றிருந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பதிவு செய்து, அவர்களுடைய பிள்ளைகளை இன்றுவரை பின்தொடர்ந்து வருகிறார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகுந்த பதற்றத்தோடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளை 13 வயதில் பார்த்தபோது, மனநலக் கோளாறு இருக்கக்கூடிய பிள்ளைகள் நூற்றுக்குச் சுமார் 12 பேர்; மற்றத் தாய்மாரின் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 7 பேர். வறுமை, புகைபிடித்தல், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று தலைப்புப் போடலாம், பொய்யில்லை. அதே எண்ணைத் திருப்பிப் போட்டால், மிகவும் கலங்கிய தாய்மாருக்குப் பிறந்தவர்களிலும் நூற்றுக்கு 88 பேர் நன்றாகவே இருந்தார்கள். இந்த 88 பேரைச் சொல்லாமல் அந்த இரண்டு மடங்கை மட்டும் ஒரு கர்ப்பிணியிடம் சொல்வது அறிவியல் ஆகாது. ஏற்கெனவே தன்னை நொந்துகொண்டிருப்பவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுகிற காரியம் அது.

நம் பக்கத்திலும் ஆய்வுகள் உண்டு. தென்னிந்தியக் கிராமப்புறத்தில் நடந்து 2015-இல் வெளியான ஒன்று கைக்குழந்தைகளைத் தடுப்பூசி நேரத்தில் பார்த்தது. இரண்டாம் மாதத் தடுப்பூசி எப்படிப் போகும் என்பது தாய்மாருக்குத் தெரியும்: தொடையில் ஊசி, ஒரு நொடி அமைதி, பிறகு வீறிடல். அந்த வலிக்குக் குழந்தையின் உடம்பு எவ்வளவு கார்ட்டிசால் சுரக்கிறது என்று எச்சிலை எடுத்து அளந்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய் மனச்சோர்வில் இருந்திருந்தால் குழந்தையின் கார்ட்டிசால் எழுச்சி கூடுதலாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இரண்டு மாதக் குழந்தைக்கு மாமியார் சண்டையோ பள்ளிக்கூடத்துக் கவலையோ இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதால், பிறப்பதற்கு முன்பே ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகத்தை அது வலுப்படுத்துகிறது.

என்ன நடந்திருக்கலாம்? நெருக்கடியில் நம் உடம்பு சுரக்கும் ஹார்மோன் கார்ட்டிசால். கர்ப்ப காலத்தில் அது இயல்பாகவே உயரும். கருவின் நுரையீரல் முதிர்வதற்குக்கூட அது தேவை. தாயின் கார்ட்டிசால் அப்படியே குழந்தையிடம் போய்விடாமல் இருக்க நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் இருக்கிறது. அது பெரும்பகுதியைச் செயலற்ற பொருளாக மாற்றிவிடும். தாய் கடும் பதற்றத்தில் இருக்கும்போது இந்தக் காவல் தளர்வதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. உள்ளே கூடுதலாகக் கசியும் கார்ட்டிசால், குழந்தையின் மூளையில் நெருக்கடியை அளக்கும் அமைப்பு உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் அதன் அளவுகோலையே மாற்றி வைக்கக்கூடும். எபிஜெனிடிக்ஸ் வருவது இந்த இடத்தில்தான். ஜீன்களின் எழுத்து மாறுவதில்லை. அவற்றின் மேல் மெத்தில் என்ற சிறிய வேதிக்கூறுகள் ஒட்டிக்கொண்டு எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதைக் கூட்டிக் குறைக்கின்றன. நூற்பாலையில் மூன்று ஷிப்டிலும் நிற்பவை அதே எந்திரங்கள்தான். எது ஓடும், எது நிற்கும் என்பது சூபர்வைசர் போட்டுவிட்டுப் போகும் குறிப்பில் இருக்கிறது. மெத்தில் அந்தக் குறிப்பு.

அதிகம் ஆராயப்பட்ட ஜீன் என்ஆர்3சி1. கார்ட்டிசாலை உணரும் ஏற்பியை உண்டாக்குவது இதுதான். ஏற்பிகள் போதுமான அளவு இருந்தால் "கார்ட்டிசால் போதும், நிறுத்து" என்ற செய்தியை மூளை சீக்கிரம் பெறும். குறைந்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். கனடாவின் வான்கூவரில் டிம் ஓபர்லேண்டரும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் மனச்சோர்வு கூடியிருந்தால் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்த ஜீனின் ஒரு பகுதியில் மெத்தில் சற்று அதிகம் இருந்தது. மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது கார்ட்டிசால் எழுச்சியும் அதற்கேற்பக் கூடியது. தாய் மனச்சோர்வுக்கான மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்பது இந்த மெத்தில் கணக்கை மாற்றவில்லை.

இதற்கு வேர் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஸிஃப் ஆகியோரின் எலி ஆய்வு. குட்டிகளை நன்றாக நக்கிச் சீராட்டும் தாய் எலிகள் உண்டு, அவ்வளவாகக் கண்டுகொள்ளாதவையும் உண்டு. பின்னவற்றின் குட்டிகளுக்கு இதே ஏற்பி ஜீனில் மெத்தில் கூடுதல். வளர்ந்தபின் மிரட்சியும் கூடுதல். 2004-இல் வெளியான இந்த ஆய்வைக் காணொளிகள் கர்ப்ப காலத்துக்குச் சான்றாக எடுத்துக் காட்டுகின்றன. அது பிறந்த பிறகான கவனிப்பைப் பற்றியது. அதில் இன்னும் முக்கியமான பகுதி வேறு: கண்டுகொள்ளாத தாயின் குட்டியைப் பிறந்தவுடன் எடுத்துச் சீராட்டும் தாயிடம் விட்டபோது, மெத்தில் பதிவு வளர்ப்புத் தாயின் சொந்தக் குட்டிகளுடையதைப் போலவே அமைந்தது. துளசி வனத்தில் கிடைத்த ஆண்டாளைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்த ஊரில், தேவகியின் மகனை யசோதையின் கண்ணால் பார்த்து அவர் பாடிய ஊரில், வளர்ப்பின் வலிமையை விளக்க எலிகள் வேண்டியதில்லைதான். ஆனாலும் சிறையில் சுமந்தவளை விட்டு வந்த பிள்ளை வேறொரு மடியில் செழிக்க முடியும் என்பதற்கு மூலக்கூறு அளவிலும் ஓர் ஆதாரம் இருப்பது நல்லதே.

இனி சந்தேகங்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் காணும் மெத்தில் மூளையில் இருப்பதைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. உயிரோடிருக்கும் குழந்தையின் மூளைத் திசுவை யாரும் எடுத்துப் பார்க்கவும் முடியாது. ரத்தத்தில் எந்த வகை அணு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். ஒரே ஜீனை எடுத்துக்கொண்டு சில டஜன் தாய்மாரிடம் கண்ட முடிவுகள், லட்சக்கணக்கான இடங்களை ஒரே நேரத்தில் அளக்கும் பெரிய ஆய்வுகளில் பெரும்பாலும் நிற்பதில்லை. தாயின் பதற்றத்தைப் பற்றிப் பல நாட்டு ஆய்வுகளின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்-சேய் இணைகளைச் சேர்த்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டபோது, நம்பத்தக்க மெத்தில் மாற்றம் கிட்டத்தட்ட எதுவும் தேறவில்லை. ஆக, தாயின் மனநிலைக்கும் பிள்ளையின் மனநிலைக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. அது மெத்தில் வழியாகத்தான் போகிறது என்பது இன்னும் ஓர் ஊகமே.

தொடர்பு உண்மைதான், ஆனால் அது கர்ப்பத்தால் வருவதா, அல்லது தாயும் பிள்ளையும் ஒரே ஜீன்களைப் பகிர்வதால் வருவதா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. சோர்வுக்கு ஆளாகும் தன்மை குடும்ப வழியாகவும் இறங்கும். இதைப் பிரித்துப் பார்க்கப் பிரிட்டனில் அனிதா தாப்பரும் குழுவினரும் கெட்டிக்காரத்தனமான ஒரு வழி கண்டார்கள். சோதனைக் குழாய்க் கருத்தரிப்பில் சில தாய்மார் தங்கள் சொந்தக் கருமுட்டையில் உண்டான பிள்ளையைச் சுமக்கிறார்கள். சிலர் வேறொருவர் தந்த கருமுட்டையில் உண்டானதை. பின்னவர்களுக்கும் பிள்ளைக்கும் ஜீன் உறவு இல்லை, கர்ப்பம் மட்டுமே பொது. 2010-இல் வந்த முடிவு எந்தக் கட்சிக்கும் முழு வெற்றி தரவில்லை. கர்ப்ப கால நெருக்கடிக்கும் பிள்ளையின் முரட்டு நடத்தைக்கும் உள்ள தொடர்பு ஜீன் உறவு இல்லாத இணைகளிலும் இருந்தது. கவனக்குறைவுக் கோளாறோடுள்ள தொடர்பு ஜீன் உறவு உள்ளவர்களிடம் மட்டும் தெரிந்தது. பிள்ளையின் பதற்றமோ பெரும்பாலும் தாய் இப்போது எப்படி இருக்கிறார் என்பதோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. கரு, மரபு, வளர்ப்பு மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. பத்து மாதத்தில் எல்லாம் எழுதி முடிந்துவிடுகிறது என்பது மட்டும் நிச்சயமாகத் தவறு.

எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது கனடாவின் கியூபெக் மாநிலத்து ஆய்வு. 1998 ஜனவரியில் அங்கே பெய்த பனிக்கட்டி மழையில் மின்கம்பங்கள் சாய்ந்து லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில், சில வாரக்கணக்கில், கடுங்குளிரில் இருண்டு கிடந்தன. அப்போது கருவுற்றிருந்தவர்களைச் சூசன் கிங் குழுவினர் பின்தொடர்ந்தார்கள். பட்ட கஷ்டத்தை ஒரு கணக்கு, மனம் எவ்வளவு கலங்கியது என்பதை இன்னொரு கணக்கு என்று பிரித்து வைத்தார்கள். பிள்ளைகளுக்கு 13 வயதானபோது ரத்த அணுக்களின் மெத்திலைப் பார்த்தால், அது மின்சாரமில்லாத நாட்களின் எண்ணிக்கை போன்ற கஷ்டக் கணக்கோடு ஒத்துப் போயிற்று. தாய் சொன்ன கலக்கத்தின் அளவோடு ஒத்துப் போகவில்லை. நாற்பதுக்கும் குறைவான பிள்ளைகள்தான். தாய் அந்தப் புயலைக் கெட்டதாகக் கருதினாரா இல்லையா என்பதற்கும் தடயம் உண்டு என்று அதே குழுவின் அடுத்த கட்டுரை சொன்னதால் கோடு அவ்வளவு சுத்தமாகவும் இல்லை. இருந்தாலும் "அழாதே, சந்தோஷமாயிரு" என்ற உபதேசத்தை இந்த ஆய்வு கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. மெத்தில் ஒரு பதிவேடு என்றே வைத்துக்கொண்டாலும், அதில் ஏறுவது தாயின் குணக்குறையா, அவர் தலையில் விழுந்த கஷ்டமா?

நம் பக்கத்துக் கஷ்டத்துக்கும் பட்டியல் இருக்கிறது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சேர்த்துக்கொண்டு பிரசவத்துக்குப் பின்னும் பார்த்தார்கள். 2002-இல் வெளியான அந்த ஆய்வில் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு ஆள் துணை இல்லாமை. இதை ராஜபாளையத்தில் வைத்துப் படித்தால் விளக்கவுரை தேவைப்படாது. நூற்பாலை ஷிப்ட், சத்திரப்பட்டி விசைத்தறியில் ஓடும் பேண்டேஜ் துணி, தளவாய்புரத்தில் பீஸ் கணக்கில் தைக்கும் நைட்டி, சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு வேலை என்று பெண்களின் சம்பாத்தியத்தில் ஓடும் வீடுகள் நிறைந்த வட்டாரம் இது. பிரசவ வார்டுகளுக்குப் போகும் துணியை நெய்கிறவர், தன் ஏழாம் மாதத்தில் தறி முன்னால் எத்தனை மணி நேரம் நின்றார் என்பது எந்த அட்டையிலும் ஏறுவதில்லை.

இதற்கெல்லாம் நம்மிடம் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, வளைகாப்பு இருக்கிறது, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு இருக்கிறது, மனச்சோர்வெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி என்று சொல்வார்கள். வளையல் அடுக்கி, ஐவகைச் சாதம் போட்டு அனுப்பும் வழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அரசே அங்கன்வாடி வழியாகச் சமுதாய வளைகாப்பு நடத்துவது நல்ல காரியம். ஆனால் தாய்வீட்டு ஓய்வு பெரும்பாலும் முதல் பிள்ளைக்கு மட்டும்தான். இரண்டாவதைச் சுமப்பவர் மூத்ததை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறார். கணியம்பாடிப் பெண்களைச் சுற்றியும் உறவுகள் இருக்கத்தான் செய்தன. அந்த உறவில் விழுந்த பிணக்கே நோய்க்கு வழி விட்டது. ஆள் இருப்பது வேறு, துணை இருப்பது வேறு.

சரி, கண்டுபிடித்தால் செய்வதற்கு ஏதாவது உண்டா? உண்டு, அதுவும் மலிவாக. பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை அவர்கள் கடைசி மாதத்திலிருந்து தொடர்ந்து சந்தித்து, ஒரு முறையோடு பேசினார்கள். குடும்பத்தாரையும் உட்கார வைத்தார்கள். பிள்ளைக்கு ஆறு மாதமாகும்போது, இப்படிப் பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 23 பேர் மனச்சோர்வில் இருந்தார்கள். வெறுமனே வந்து போன வீடுகளில் 53 பேர். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது. 2008-இல் வந்த இந்த முடிவைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் இந்த முறையையே கையேடாக வெளியிட்டது. கோவாவில் பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்துப் பெண்களை வைத்துச் செய்தபோது பலன் சுமார்தான்.

இதன் பின்கதையை மறைத்தால் நேர்மையில்லை. அந்த ராவல்பிண்டிப் பிள்ளைகளை ஏழு வயதில் போய்ப் பார்த்தார்கள். தாய் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாதவர்களின் பிள்ளைகளுக்கும் அறிவிலும் நடத்தையிலும் வேறுபாடு தெரியவில்லை என்று 2015-இல் எழுதினார்கள். கர்ப்பத்தில் விழுந்த பதிவுதான் எல்லாம் என்று நம்புகிறவர்களுக்கு இது இடி. கடைசி மாதத்தில் தொடங்கியது காலம் கடந்த செயலாக இருக்கலாம், ஏழு ஆண்டு வறுமை எல்லாவற்றையும் சமப்படுத்தியிருக்கலாம். எனக்கோ இது வாதத்தை நேராக்குகிறது. பிள்ளைக்கு லாபம் உண்டென்று நிரூபித்தால்தான் தாய்க்கு வைத்தியம் என்றால், அவரை ஒரு பாத்திரமாக மட்டும் பார்க்கிறோம் என்று அர்த்தம். 53 என்பதை 23 ஆக்க முடிகிறது என்ற ஒன்றே சிகிச்சை தருவதற்குப் போதும்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்னுதாரணமே இருக்கிறது. கர்ப்ப காலச் சர்க்கரை நோய் தாயை மட்டுமல்லாமல் பிள்ளையின் எதிர்காலத்தையும் பாதிக்கும் என்று டாக்டர் வி. சேஷய்யா விடாமல் வாதாடியதன் பலனாக, 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனையைக் கட்டாயமாக்கியது இந்த மாநிலம். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் எவருக்கும் அது தெரியும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கித் தருகிறார்கள், குமட்டக் குமட்டக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும், பிறகு ரத்தம். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், வயிற்றின் உயரம் எல்லாம் அட்டையில் ஏறுகின்றன. அந்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் போதும், எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகளைக் கேட்டு முடிக்க. பிரிட்டனில் 1987-இல் உருவான அந்த அளவுகோலின் தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்துச் சரிபார்த்து 2005-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

கிராம சுகாதாரச் செவிலியருக்கு இப்போதே மூச்சுவிட நேரமில்லை, இதையும் ஏற்றலாமா என்ற ஆட்சேபம் வெறும் சாக்கல்ல. கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் பதிவு, பிரசவ நிதியுதவிப் படிவம், தடுப்பூசிக் கணக்கு என்று அவர் எழுதியபடியே இருக்கிறார். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 'அம்மா மனசு' என்ற பெயரில் இதே நிலைச் செவிலியர்களைப் பயிற்றுவித்து, வழக்கமான கர்ப்பப் பரிசோதனையோடு சேர்த்தே செய்கிறார்கள். சேர்த்துச் செய்வதில் நுணுக்கம் ஒன்று உண்டு. பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு "ராத்திரி தூக்கம் வருதாம்மா, காரணமில்லாம அழுகை வருதா" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்ற பதில்தான் வரும். துணைக்கு வந்தவரைச் சீட்டுப் போடவோ மாத்திரை வாங்கவோ அனுப்பிவிட்டுக் கேட்கத் தெரிந்த செவிலியர்தான் இந்தச் சோதனையின் கருவி, தாள் அல்ல.

கேட்டுவிட்டு விடுவதைவிடக் கேட்காமலிருப்பது மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ஆமென்றால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவியின் எண்ணான 14416-இல் தமிழிலும் பேசலாம், செலவில்லை. அது முதல் படிக்குத்தான் உதவும். ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிடக் கூடாது. எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்று மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது. ஆனால் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற ஆறு மாதக் கர்ப்பிணியிடம் "விருதுநகர் போய்க் காட்டுங்க" என்று சீட்டெழுதிக் கொடுத்தால், ஒரு நாள் கூலியும் பஸ் பயணமும் வீட்டில் சொல்ல வேண்டிய காரணமும் சேர்ந்து அந்தச் சீட்டைப் பையிலேயே கசங்க வைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் உட்காரும் நாளும், அங்கே கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ வேண்டாம், அட்டவணையில் ஒரு கிழமையை மாற்றினால் போதும்.